பின்னோக்கிய இருக்கை

அக்டோபர் 30, வியாழன்

என் மகள் லொரீனா வாஷிங்டனில் கூடும் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்தலில் நிற்கிறாள். டெலவேர் மாநிலம் முழுமைக்கும் அந்த ஓரிடம்தான். காலை ஜெபத்தில் நடுநிலை காக்க முயன்றேன், இயலவில்லை. ஓய்வுபெற்ற போதகன் கர்த்தரிடமே வாக்குச் சேகரிக்கலாமா? சேகரித்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வாக்களித்தேன். மாலையில் மழை விட்டது.

நவம்பர் 5, புதன்

தோற்றாள். ஆளுநர் பதவி எங்கள் கட்சிக்கே கிடைத்தது. அதே வாக்குச்சீட்டில், ஆளுநருக்கு எங்கள் கட்சியைக் குறித்த அதே கைகள், அவளைத் தாண்டிக் கோழிப்பண்ணைக்காரர் ஆல்டன் ட்ரூயிட்டுக்குப் போயிருக்கின்றன. எங்கள் ஆலயத்தாருமா? — கேட்க அஞ்சுகிறேன்.

நாளை எங்கள் ஜார்ஜ்டவுனில் திரும்பும் நாள் விழா, தேர்தல் முடிவு கேட்க ஜனங்கள் திரும்பி வந்து கூடிய பழைய வழக்கம். வென்றவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஊரைச் சுற்றுவார்கள். வென்றவர் முன்னோக்கி, தோற்றவர் அவருக்கு எதிரே பின்னோக்கி. பிறகு கோடாரியை மணலில் புதைத்துப் பகை தீர்ப்பார்கள். அதற்கு முன் ஜெபம் சொல்லும் பொறுப்பு எனக்கு.

"நான் வரலப்பா. சொந்த ஊர்ல பின்பக்கமா பாத்து உக்காந்து போகணுமா? காய்ச்சல்னு சொல்லிடுங்க."

என் வாயால் பொய்யா? வற்புறுத்தவும் மனமில்லை. பழைய இலத்தீன் காவியத்தைப் புரட்டினேன். போரில் தோற்றவனுக்கே கவிஞன் நல்ல வரிகளைத் தந்திருக்கிறான். மகளிடம் சொல்லவில்லை, முறைப்பாள். ஒப்புரவைப் பற்றி ஆயுள் முழுதும் பிரசங்கித்தவனுக்கு ஒரு வரி ஜெபம் வரவில்லை.

மாலையில் ட்ரூயிட்டே சமையலறை வாசலில் வந்து நின்றார், தொப்பியைக் கையில் பிசைந்தபடி.

"அம்மணி, ஒரு உதவி. எனக்குக் குதிரைன்னா பயம். சின்ன வயசுல ஒண்ணு கடிச்சிருச்சு. நீங்க வரலைன்னு பேசிக்கிறாங்க. தனியா எப்படி உக்காருவேன்?"

"மாநிலத்தையே ஜெயிச்சவரு ரெண்டு குதிரைக்கு நடுங்குறீங்களா?"

"அதுங்களுக்கு ஓட்டு இல்லியே. பேசிச் சமாளிக்க முடியாது."

லொரீனா சிரித்துவிட்டாள். "சரி, இடத்தை மாத்திக்குவோம். நீங்க குதிரையைப் பாக்காம பின்னால பாத்து உக்காருங்க."

"ஜனங்க தப்பா நினைப்பாங்களே?"

"நினைக்கட்டும். ஒரு சுத்துதானே."

நவம்பர் 6, வியாழன்

நல்ல வெயில். வென்றவரின் இருக்கையில் என் மகள். எதிரே ட்ரூயிட், கண்களை இறுக மூடியபடி. விழாக் குழுத் தலைவர் பதறி ஓடிவந்தார்: "போதகரே, மாறி உக்காந்திருக்காங்க." தெரியும் என்றேன்.

குதிரை கனைத்ததும் ட்ரூயிட் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அவள் கையை விடுவிக்கவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். வெளியூர்ப் பெண்மணி ஒருவர் வண்டியோடு நடந்து, "வாழ்த்துக்கள்மா, எங்க ரோட்டைக் கொஞ்சம் கவனிங்க" என்றார்.

லொரீனா எதிரே கைகாட்டினாள். "அவர்கிட்ட சொல்லுங்க, கண்ணைத் தொறந்ததும்."

கூட்டம் சிரித்தது. ட்ரூயிட்டும் சிரித்தார், கண் திறவாமலே.

மேடையில் என் கையில் தாள் இல்லை. இருவர் பெயரையும் சொல்லி ஆசீர்வாதம் கேட்டேன். ஆமென் சொன்ன பிறகே கவனித்தேன்: ட்ரூயிட்டின் பெயர் முதலில் வந்திருந்தது.