பார்க்கக் கூடாத ஜன்னல்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நான், பாப்பா, உங்கள் அக்கா மூவரும் சுகம். தையல் மெஷினுக்குத்தான் சுகமில்லை, பெல்ட் அறுந்துவிட்டது. அந்த லாரிப் பட்டறையில் உங்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, முதுகுவலி எப்படியிருக்கிறது என்று எழுதுங்கள்.

அந்தத் தீவு மாளிகைப் பக்கம் நான் காலை வைத்தால் தெரியும் சேதி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அக்கா உங்களுக்கு எழுதிப் போட்ட வேலை என்று எனக்குத் தெரியும். காலை வைத்துவிட்டேன். சேதியையும் நானே எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

பாப்பா அக்கரையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். தினமும் சாயங்காலப் படகில்தான் திரும்புகிறாள். போன மாதம் அந்தப் படகு பாறையில் உரசிச் சாய்ந்தது. பாப்பா தண்ணீருக்குள் விழுந்தாள். பதறாதீர்கள், உடனே தூக்கிவிட்டார்கள். ஒற்றைச் செருப்போடு, பல்லெல்லாம் கிடுகிடுக்க வீட்டுக்கு வந்து நின்றாள். தீவை ஒட்டிய அதே பாறைதான்.

படகோட்டும் சுக்கான் அண்ணன் துறையில் நின்று தலையிலடித்துக்கொண்டார். “நான் என்னம்மா பண்ணுவேன், மாளிகைக்காரி இழுத்துட்டா” என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அவள் தூக்குப் போட்டுக்கொண்டவள் என்றார் ஒருவர். இல்லை, மாடியிலிருந்து குதித்தவள் என்றார் இன்னொருவர். புருஷன் படகு மூழ்கியதைப் பார்த்து நெஞ்சு வெடித்தவள் என்றாள் மூன்றாமவள். ஆளுக்கொரு சாவு கொடுத்திருக்கிறார்கள் அந்தப் பாவிக்கு! ஆனால் மேல்மாடி ஜன்னலில் நிற்கிறாள், அவளைப் பார்த்தவனைத் தண்ணீருக்கு அழைக்கிறாள் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. பாப்பா வேலையை விட்டுவிடட்டும் என்று அக்கா அழுதார். பாப்பா மாட்டேன் என்றாள். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டிலிருந்து அந்தப் பாறைக்கு ஒருவரைக் கொடுத்தது போதும், இன்னொருவரைத் தர மாட்டேன்.

மறுநாள் அக்கரை போய்ப் பாப்பாவோடு நானும் சாயங்காலப் படகில் ஏறினேன். தீவு கிட்டே வந்ததும் வழக்கம்போல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, சுக்கான் அண்ணனைப் பார்த்தேன். தையல்காரிக்குக் கண் முதலில் தோளுக்குத்தானே போகும். அவர் முகம் திரும்பியது, கூடவே தோள் திரும்பியது. தோள் போன பக்கம் கை இழுத்தது. படகு மெல்லப் பாறைப் பக்கம் வளைந்தது. “அண்ணே!” என்று நான் கத்திய கத்தலில் அவர் சுதாரித்துக்கொண்டார். பேயாவது பிசாசாவது, பார்க்காதே என்று சொல்லிச் சொல்லியே படகைப் பாறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதே மனதில் தைத்தது.

ஆனாலும் நேரில் பார்க்காமல் விட மனமில்லை. நல்ல உச்சி வெயிலில் சுக்கான் அண்ணனையே கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனேன். மனுஷன் தீவில் இறங்கவே இல்லை. நான் திரும்பி வரும்வரை மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

கூடத்தின் கூரை முழுக்க விழுந்து கிடக்கிறது. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம் வெளியே எட்டிப் பார்க்கிறது. மாடிப்படியில் பாதிக்குமேல் கைப்பிடி கிடையாது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். ஒரு இடத்தில் படபடவென்று சத்தம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, பொய் சொல்லமாட்டேன். புறாக்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மிச்சப் படிகளை ஏறினேன்.

அந்த ஜன்னலுக்குப் போனேன். ஜன்னல் கட்டையில் இரும்பில் ஒரு விளக்குத் தாங்கி அடித்திருக்கிறது. அதற்கு நேர்மேலே கூரையில் விரல் கனத்துக்குக் கரி. பின்னால் முறம்போல வளைத்த தகரம் ஒன்று, தண்ணீரைப் பார்த்தபடி. வருஷக் கணக்கில் யாரோ அங்கே விளக்கேற்றியிருக்கிறார்கள். பேய்க்கு எதற்கு விளக்கு? ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து பார்த்தேன். அக்கரையிலிருந்து வருகிற படகு இந்த ஜன்னலுக்கு நேராகவே வந்தால் பாறை தானாக ஒதுங்கிவிடுகிறது. அதைத் தாண்டியபிறகு நம் துறைக்குத் திருப்பினால் போதும். அவள் யாரையும் சாக அழைக்கவில்லை. வீட்டுக்குப் போக வழி காட்டியிருக்கிறாள். அவள் போனாள், விளக்கு அணைந்தது, படகுகள் மோதின, பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அவளுக்காக மட்டும் அழவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் தம்பி போன அன்று ராத்திரி நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. “நான் பார்த்தேன், அவன் போயிட்டான்.” அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறக்கவில்லை. குளம்கூட இல்லாத ஊராகத் தேடி வேலைக்குப் போனீர்கள். அன்றைக்கு நடந்ததை அதே படகிலிருந்த பால்காரம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். “அண்ணே, ஒரு தடவ பாரேன், அழகா இருப்பாளாம்” என்று உங்கள் தம்பி சீண்டினானாம். சுக்கானைப் பிடித்திருந்த நீங்கள் சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தீர்களாம். படகு அப்போது நேராகத்தான் போயிற்றாம். “ஐயோ பாக்காத!” என்று எல்லோரும் கூச்சல் போட்டதும் சடாரென்று முகத்தைத் திருப்பினீர்களாம், கூடவே படகும் திரும்பியதாம். அதற்கப்புறம்தான் மோதல்.

கேட்கிறதா உங்களுக்கு? நீங்கள் பார்த்ததால் என் கொழுந்தன் போகவில்லை. பார்த்தவரைக்கும் அவன் உயிரோடு இருந்தான். திருப்பியது உங்கள் கழுத்துதான், ஆனால் அதைத் திருப்பச் சொல்லிக் கொடுத்தது ஊர். அந்த வழக்கம் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. அதை ஒற்றை ஆளாக நீங்கள் சுமக்க வேண்டாம்.

இதற்கு மேலுள்ளதை இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், அன்றே முடிக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. வெயிலில் சார்ஜ் ஏறி, இருட்டினால் தானாகவே எரிகிற விளக்கு ஒன்று வாங்கி, நேற்று அந்தத் தாங்கியில் கட்டிவிட்டு வந்தேன். படகுச் சங்கத் தலைவர் வீடு தேடி வந்து சத்தம் போட்டார். “பேய் இருந்தாத்தான்மா வெளியூர் ஆளுங்க பாக்க வர்றாங்க, எங்க பொழப்புல மண்ணப் போடாத” என்றார். பேய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், விளக்குப் போடுகிற பேய் என்று கதையை மாற்றிச் சொல்லுங்கள், இன்னும் கூட்டம் வரும் என்றேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்குப் பிடித்திருப்பது பிடிவாதம். அது கல்யாணத்துக்கு முந்தியே பிடித்ததுதான், உங்களைக் கேட்டால் சொல்வீர்கள்.

சாயங்காலம் அக்கரையில் படகேறி, சுக்கான் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன். “கண்ண எடுக்காதீங்கண்ணே, ஏதாவது ஆச்சுன்னா முதல்ல நான் விழறேன்” என்றேன். இருட்டத் தொடங்கியது. ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவருக்கு முகமெல்லாம் வேர்வை, ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. பாறை ஓரமாக நகர்ந்து பின்னால் போய்விட்டது. “அட, இவ்வளவுதானா!” என்றார். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார், அவருடைய அண்ணன் ஒருவரும் அங்கேதான் போனாராம். பாப்பா இரண்டு செருப்போடும் வீட்டுக்கு வந்தாள். அக்கா இன்று விடிந்ததும் விளக்கைத் துடைக்கத் துணி கிழித்து வைத்திருக்கிறார்.

நீங்கள் போகும்போது பாப்பா என் இடுப்பு உயரம். இப்போது என்னைத் தாண்டிவிட்டாள். அப்பாவுக்கு நீந்தத் தெரியுமா என்று நேற்றுக் கேட்டாள். நன்றாகத் தெரியும் என்றேன்.

லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டால் கேட்காமலே கிளம்புங்கள். சாயங்காலப் படகிலேயே வாருங்கள். யார் கத்தினாலும் முகத்தைத் திருப்பாதீர்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நேராக வாருங்கள், துறைப்படியில் நான் நிற்பேன்.

உங்கள் வழிக்கு ஒரு குறையும் வராது.

உங்களுடைய
பிடிவாதக்காரி