தையற்காரி செய்த பெட்டி

என் வாயாடிக்கு,

நம்பினால் நம்பு, தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு மரப்பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டேன். உன் பள்ளிக்கூடப் பதக்கங்கள், நடை பழகிய செருப்பு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவைக்க ஆசை.

ரம்பத்தால் பலகையை அறுத்தேன்; ஓரம் கோணல். நேராக்க இன்னும் கொஞ்சம் அறுத்தேன். இப்போது மறுபக்கம் கோணல். துணியென்றால் உள்ளே மடித்த தையலைப் பிரித்துப் பெரிதாக்கிவிடலாம். மரம் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்பினேன்.

“உன்ன மாதிரியே” என்று சிரித்தார் உன் அப்பா. “இப்படியே அறுத்துக்கிட்டு இருந்தா கடைசியில தீப்பெட்டிதான் மிஞ்சும்.”

“பேசாம அந்த உப்புத்தாளை எடுங்க” என்றேன்.

கடைசியில் பெட்டி கையகலத்தில் வந்து நின்றது. ஆனால் நான்கு மூலையும் கச்சிதம், மூடியும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. தேய்த்துத் தேய்த்து விரல்தான் எரிகிறது, மனசு நிறைந்திருக்கிறது.

பதக்கங்கள் கொள்ளவில்லை. செருப்பும் நுழையவில்லை. அன்றைக்கு நீ மேசைமேல் வீசிவிட்டுப் போனாயே வாசல் சாவி, அது மட்டும் அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. எடுக்க மனசில்லாமல் பெட்டியோடு அப்படியே அனுப்புகிறேன்.

பூட்டை இன்னும் மாற்றவில்லை.

உன் அம்மா