அப்பாவின் இடது செருப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இங்கே...’ என்பதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை நீயே எழுதடி என்று அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கப் போய்விட்டாள்.

நான் முதலில் பார்த்தது அப்பாவின் இடது செருப்பை. அது வாசலிலேயே கழன்று கிடந்தது, அவர் தெருமுனை வரை போய்விட்டார். ஓடிப்போய்க் கொடுத்தபோது குனிந்து பார்த்துத்தான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்துகொண்டார். முதுகுவலிக்குப் பெரிய மாமா தினமும் முதுகில் ஏறி உட்கார்ந்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்த சமயம் அது. அப்பாவுக்குக் கால் மரத்திருக்கிறது போல என்று மெதுவாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று மாமா சிரித்தார். வாயை மூடிக்கொண்டவள், அப்பாவின் நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை, பதினெட்டு நாள் திறக்கவில்லை. அந்த எண்ணெய் நாற்றம் இன்னும் தலையணையில் இருக்கிறது. வெறுப்பாக இருக்கிறது அண்ணா, மாமாவை நினைத்தாலும், என்னை நினைத்தாலும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் காதுக்குக் கீழே ஒரு கட்டியை எடுத்தார்களே, எச்சில் சுரப்பியில் அபூர்வமாக வருகிற புற்றுநோய் என்று, அதுதான் இப்போது முதுகெலும்புக்குள் பரவித் தண்டுவடத்தை நெரிக்கிறதாம். வீக்கம் குறைய ஊசி போட்ட டாக்டரம்மா, இன்றைக்கே கதிர் சிகிச்சை தொடங்கினால் நடக்க வழியுண்டு, கால் விழுந்துவிட்டால் திரும்ப வராது என்றார். மாமாவோ, தலைப்பிள்ளை கப்பலில் இருக்கிறான், பத்து நாளில் கரைக்கு வந்துவிடுவான், அவன் சொல்லாமல் எதுவும் கூடாது என்றார். நம் வீட்டில்தான் குழாய் மாற்றக்கூட உன்னைக் கேட்க வேண்டுமே. என் அண்ணன் சொன்னால் சரிதான் என்று மாமாவைக் காட்டி அம்மா மூக்கைச் சிந்தினாள். சம்மதப் படிவத்தை மடித்து விசிறிக்கொண்டே, நோயாளிக்கு ஒன்றும் தெரியக் கூடாது, உடைந்துபோவார் என்றார் மாமா, வாயெல்லாம் பிஸ்கட் தூள். உள்ளே அப்பா, ஒரு சுளுக்குக்கா இத்தனை ஊசி என்று நர்ஸைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். காலுக்குச் சொந்தக்காரரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நேற்றோடு நாலு தடவை கதிர் கொடுத்தாயிற்று. வலது கால் விரல்கள் அசைகின்றன. இடது இன்னும் இல்லை.

நூறு வயசு நன்றாக இரு என்கிறாள் அம்மா. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தளத்தில் ஓடாதே என்றும் சொல்கிறாள். கரைக்கு வந்ததும் முதல் போனை அப்பாவுக்குப் போடு, மறந்துவிடாதே. மாமா என்னைப் பற்றிப் புகார் சொல்வார். அது நிஜம்தான். அவர் டீ குடிக்கப் போனபோது நாற்காலியில் கிடந்த படிவத்தை எடுத்துப் போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மூடியைக் கழற்றிப் பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

அம்மாவுக்காக,
உன் தங்கை