எல்லா டிஸ்க்கிலும் பொட்டு

விஜயதசமி, இரவு



கல்யாண வீட்டாருக்கு வீடியோவைக் கொடுத்து முடித்ததும், அந்த ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பது என் ஸ்டுடியோ வழக்கம். பொட்டு இருந்தால் அழிக்கலாம் என்று அர்த்தம். நாளைக்குக் குற்றாலத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம் எடுக்க வேண்டும். அதற்காகக் காலையில் மேசைமேல் பொட்டோடு இருந்த ஒன்றை எடுத்து ஃபார்மட் போட்டேன். மேலோட்டமாக அழித்தால் பின்னால் கோளாறு வரும் என்று, சுத்தமாகத் துடைக்கிற முழு ஃபார்மட்டையே கொடுத்தேன். மத்தியானம் முடிந்தது. அலமாரியைத் திறந்தால் எல்லா டிஸ்க்கிலும் பொட்டு.

என் மனைவி செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நேத்து ஆயுத பூசைல்லா? கேமராவுக்கு வச்சேன், லைட்டுக்கு வச்சேன். இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அவளிடம் இந்த வழக்கத்தை நான் சொன்னதே இல்லை.

அழிந்தது கீழப்பாவூர் கல்யாணம். எடிட்டிங்கே இன்னும் தொடங்கவில்லை. கேமரா கார்டுகளில் வேறு விசேஷங்கள் ஏறிவிட்டன. இன்னொரு பிரதி கிடையாது.

சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் தம்பி போன் செய்தான். அவன் அப்பா போன வாரம்தான் தவறினார்.

"அண்ணாச்சி, அக்காவுக்குத் தாலி கட்டும்போது அப்பா அழுதாவல்லா, அதை மட்டும் முதல்ல அனுப்புங்க. அம்மா பாக்கணுங்காவ."

"அனுப்புதேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

தாலி கட்டிய அந்த நேரத்தில் என் கேமரா அந்த அப்பாவின் முகத்தில்தான் இருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அது இப்போது என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது.