ஒல்ஃபாவின் வயிற்றுப் படம்

அன்புள்ள மகன் லம்ஜத்துக்கு,

ஸஃபாக்ஸிலிருந்து அப்பா எழுதுவது. லியோனில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் காது மந்தமான பிறகு நான் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கிறதாம். அதனால் மின்னஞ்சல்.

உன் தங்கை ஒல்ஃபா நன்றாக இருக்கிறாள். எனக்குப் பயமும் அதனால்தான். வலி இல்லை என்கிறாள், எடை கூடியிருக்கிறது, ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. ஆனால் போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை டாக்டர் விதாத் திரையில் காட்டினார். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுவர் தடித்து, வழி பென்சில் முனைபோலக் குறுகியிருக்கிறது. அதற்கு மேலே குடல் உப்பி நிற்கிறது. இப்போது அது பெரும்பாலும் வீக்கந்தானாம். மருந்தை மாற்றினால் வடியலாம். தள்ளிப்போட்டால் தழும்பாக இறுகிவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான் என்றார். இனி அவளுடைய பழைய குடல் அழற்சி நோய்க்கான ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொண்டால் போதாது; மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். சில மாதங்களில் மீண்டும் படம் எடுத்து, சுவர் மெலிந்ததா என்று பார்த்து முடிவு செய்வார்கள். அதுவரை கொட்டை, விதை எதுவும் கூடாது.

நான் பிழையாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுநாளும் போய்க் கேட்டேன். "நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க ஐயா. அதான் எனக்குக் கவலை" என்றார்.

ஒல்ஃபா கேட்கவில்லை. "கல்யாணம் முடியட்டும்பா. ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது பாத்தாப் போதும், அனீஸோட அம்மா காதுக்குப் போயிடும். சீக்குக்காரின்னு மோதிரத்தைத் திருப்பிக் கேப்பாங்க" என்றாள். மாப்பிள்ளை அனீஸுக்கே இன்னும் தெரியாது.

நேற்று மவ்லிது, நபி பிறந்தநாள். சம்பந்தியம்மா ஸக்கியா வழக்கப்படி மருமகளுக்குக் கூழ்க் கிண்ணம் கொண்டுவந்தார். பைன் விதைக் கூழே தெரியாதபடி மேலே பாதாமும் பிஸ்தாவும். "கிண்ணம் காலியாகலைன்னா என் கைப்பக்குவம் புடிக்கலைன்னு அர்த்தம்டி!" என்று சிரித்தார். நான், "இன்னிக்கு அவளுக்கு வயிறு..." என்று தொடங்கினேன். ஒல்ஃபா என்னைப் பார்த்த பார்வையில், "...நெறஞ்சிருக்கு, இப்பத்தான் சாப்பிட்டா" என்று முடித்துவிட்டேன். "பொண்ணு சாப்பிடுறதைக் கணக்குப் பாக்காதீங்க சம்பந்தி, எங்க வீட்டுல பஞ்சமா வந்துருச்சு?" என்றார். அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே, "பாத்தீங்களாப்பா? ஒண்ணும் ஆகல. உங்க டாக்டரோட படந்தான் பொய் சொல்லுது" என்றாள். என் எதிரிலேயே மருத்துவமனைக்குப் பேசி, மருந்தேற்றும் தேதியை ரத்து செய்தாள்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். நோன்பு என்கிறாள். காலையில் காப்பி குடித்ததை நான் நினைவுபடுத்தவில்லை. அறைக்குள் வானொலியை உரக்க வைத்திருக்கிறாள். நடுநடுவே பாட்டு நிற்கும்போது, அவள் வலியை அடக்கி முனகுவது என் மந்தக் காதுக்கும் கேட்கிறது.

வயிறு உப்பினாலோ வாந்தி வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் வரச் சொன்னார் டாக்டர். கார்ச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கதவைத் தட்டினால் கோபிப்பாள். அனீஸிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள். இதைப் பார்த்ததும் அவளைக் கூப்பிடு. நான் சொன்னதாகவே சொல். கோபம் என்மேல் இருக்கட்டும். அவள் எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிட்டு, "கதவைத் தட்டுங்கப்பா" என்று மட்டும் சொல், போதும்.

என் கடைசி நாள் உங்கள் இருவரின் கடைசி நாளுக்கும் முந்தியதாக இருக்க அல்லாஹ் அருளட்டும்.

உன் அப்பா,
ஹஷ்மி