முதலாவதாக எந்தப் பள்ளிக்கூடம்

ஜனவரி 13, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பல்கனியில் போட்ட உடுப்பு ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்க ஈரச் சவர்க்கார மணம்.

மகள் அபி இப்போது ஐந்தாம் வகுப்பு. செப்டெம்பரில் ஸ்குவோலா மேதியா, அதாவது இங்கே இத்தாலியில் நடுப்பள்ளி. பதிவு இன்று தொடங்கிவிட்டது. போனிலேயே செய்யலாம். மூன்று பள்ளிக்கூடங்கள், விருப்ப வரிசைப்படி. கடைசியில் ஒரு சின்னப் பெட்டி: இந்தத் தெரிவில் தாய், தந்தை இருவருக்கும் சம்மதம். அதிலும் குறி போட வேண்டும்.

தந்தை ஜேர்மனியில். போய் இரண்டு வருடம். ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. வீடு ஒன்று சரிவந்ததும் எங்களைக் கூப்பிடுவதாகப் பேச்சு.

பஸ்ஸுக்குள் இருந்தபடி அவருக்கு எடுத்தேன்.

"இப்ப என்னத்துக்கு அவசரம்? செப்டெம்பரிலை நீங்கள் இஞ்சையெல்லோ நிப்பியள்."

"போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள்."

"சட்டி அடுப்பிலை. பிறகு எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

வாங்க: பால், வெங்காயம், அபிக்குச் சதுரக்கோட்டுக் கொப்பி.

ஜனவரி 17, சனி

தூறல். கால்சா வட்டாரத்தில் உள்ள கடலோரப் பள்ளிக்கூடத்தைப் பெற்றோர் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் குடும்பமாக. தாய், தகப்பன், பிள்ளை. சிலருக்குத் தாத்தாவும். நாங்கள்: நான், அபி, குடை.

வாசலில் நின்ற ரீச்சர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாராவது இன்னும் வருகிறார்களோ என்று. "பப்பா?" என்றார். அபியே பதில் சொன்னாள்: "ஜெர்மானியாவில." சொன்ன விதம், ஏதோ கடைக்குப் போயிருக்கிறார் என்பது போல.

அங்கே பிள்ளைகள் ஒரு வானொலி நடத்துகிறார்கள். பழைய சாமான் அறை, சுவரெல்லாம் முட்டை மட்டை ஒட்டியிருக்கிறது. மைக்குக்கு முன்னால் அபியை இருத்தினார்கள். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் எனக்குச் சொல்லப்படும் பிள்ளை. பெயர், வயது, பிடித்த சாப்பாடு, எல்லாம் படபடவென்று இத்தாலியனில். உன் மொழியில் ஏதாவது சொல் என்றார் ரீச்சர். அபி என்னைப் பார்த்தாள், யோசித்தாள், பிறகு மைக்கில்:

"அம்மா, குடையைச் சுருக்குங்கோ. நிலமெல்லாம் தண்ணி."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் குடையைச் சுருக்கினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கதை. இந்தப் பள்ளிக்கூடம்தான் வேணும், வேறு ஒன்றும் வேண்டாமாம்.

ஜனவரி 20, செவ்வாய்

மேல்வீட்டு ஜெசிந்தா அக்காவிடம் கேட்டேன். மன்னார்க்காரி. மூன்று பிள்ளைகளை இங்கே படிப்பித்து முடித்தவர். வாசற்படியில் நின்றே விளக்கினார், கையில் மாதா கோவிலுக்குக் கொண்டுபோகும் பூ.

"கேள் வசந்தி. ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கிட்ட இருக்கிறவைக்கு ஸ்டேசன் பள்ளிக்கூடம் நிச்சயம். நீ அந்த வட்டாரம். நீ பராமரிக்கிற வயசான சினியோரா வீட்டுப் பக்கத்திலை இருக்கிற பள்ளிக்கூடமும் கிடைக்கும், நீ அங்கை வேலை செய்யிறாய் எண்டதாலை. கால்சாவிலை உனக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை, ஒரு புள்ளியும் கிடையாது. புள்ளி உள்ளவைக்கு மிஞ்சின இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவினம்."

"முதல் கால்சாவைப் போட்டு, ரெண்டாவதாச் சினியோரா பக்கத்தைப் போட்டால்?"

"முதலாவதாப் போட்ட ஆக்களாலையே அது நிறைஞ்சிடும். கால்சாவும் விழாட்டி ரெண்டும் போச்சு."

இதை யாரோடாவது இருந்து கதைக்க வேண்டும் போல இருந்தது. கோவில் மணி அடித்துவிட்டது, அக்கா போய்விட்டார்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குப் பிள்ளையில்லை. பல்லாரோ சந்தையில் மீன்காரரிடம் கூடக் கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் சினியோரா. என் மகன்கள் எங்கே போயும் ஒன்றும் படிக்கவில்லை." சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஏன் என்று தெரியாது. சாளை மீன் நல்ல மலிவு.

ஜனவரி 22, வியாழன்

சினியோரா ஃப்ராங்கா. எண்பது தாண்டிவிட்டது. காலையில் நான் போய்க் குளிக்க வார்த்து, சமைத்து, மருந்து கொடுத்து வருவேன். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

"இங்கேதான் போட வேண்டும். என் பேரன்கள் படித்த இடம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வருவார்கள். நீ வேலை முடித்து அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம். கால்சாவில் என்ன இருக்கிறது?"

வானொலி இருக்கிறது என்றேன்.

"வானொலியா!" மேசையில் கையை அடித்தார். பிறகு தணிந்து, "நல்லதுக்குத்தான் சொல்கிறேன், வசந்தி."

தெரியும். நல்லதுக்குத்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நான் வழியில் பார்க்கிறேன். அவர்களுடைய அம்மாமார் என்னைத் தினமும் பார்க்கிறார்கள், சினியோராவின் சக்கர நாற்காலிக்குப் பின்னால். அந்த வாசலில் அபி என்னை "அம்மா" என்று கூப்பிடுவாளா?

ஜனவரி 26, திங்கள்

அபியின் அப்பாவுக்கு லீவு நாள். வீடியோவில் எடுத்தார். பின்னால் இரட்டைத் தட்டுக் கட்டில், யாரோ போர்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அதே அறை. தலைமயிர் முன்பக்கம் குறைந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை.

"ரெண்டு பேருக்கும் சம்மதம் எண்டு போட வேணும். என்ன செய்ய?"

"போடாதை."

"போடாட்டி அவள் எங்கை படிக்கிறது?"

"நீ போட்டாயெண்டால் அங்கையே இருந்திடுவியள்."

"போடாட்டி மட்டும் கூப்பிடப்போறியளோ?"

கட்டிலில் படுத்திருந்தவர் இருமினார். "பாப்பம்" என்றார் இவர். பிறகு வானிலை. அங்கே பனி. இங்கே மழை.

பெப்ரவரி 3, செவ்வாய்

அபிக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. சினியோராவின் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "வா பேனே", சரி என்று மட்டும் பதில்.

மத்தியானம் மல்லித்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்கு நாங்கள் வேண்டாமோ?"

"ஆர் சொன்னது?"

"நெஸ்சூனோ. ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் யோசிச்சனான்."

"அப்பா வீடு பாக்கிறார்."

"தூவே ஆன்னி! ரெண்டு வருசமாவோ?"

குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்தினேன். அது ஏற்கெனவே நின்றிருந்தது.

பெப்ரவரி 9, திங்கள்

சிரோக்கோ. சூடான காற்று, யன்னலெல்லாம் மண். பதிவு முடியச் சனிக்கிழமை வரைதான்.

நான் உடுப்பு மடிக்கும்போது அபி என் போனை எடுத்து அவளாகவே அப்பாவுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில்.

"அப்பா, நாங்கள் அங்கை வாறமோ இல்லையோ?"

"என்ன குஞ்சு திடீரெண்டு..."

"சி ஓ நோ? ஓமோ, இல்லையோ?"

நான் ஒரு துவாயை மடித்து, விரித்து, மறுபடி மடித்தேன்.

"இந்த வருசம் ஏலாது குஞ்சு. வீடு ஒண்டும் சரிவரேல்லை. கன பேரட்டைக் கேட்டுப் பாத்திட்டன்."

"அடுத்த வருசம்?"

"தெரியேல்லை அம்மா."

"அப்ப நான் பள்ளிக்கூடம் போடட்டோ?"

"போடு."

அபி போனை என்னிடம் நீட்டிவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "எந்தெந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். மூன்றையும் சொன்னேன். கால்சாவுக்கு எந்த பஸ், பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா, மத்தியானச் சாப்பாடு உண்டா, பெடியள் எப்படி. ஒவ்வொன்றாகக் கேட்டார். வானொலியைச் சொன்னேன், குடைக் கதையையும். சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரியாகி, மூக்கை உறிஞ்சினார். நான் கவனிக்காதது போல பஸ் நம்பரைத் திரும்பச் சொன்னேன்.

அவர் ஜேர்மனிக்குப் போன பிறகு இவ்வளவு நேரம் நாங்கள் கதைத்ததே இல்லை. போனை வைத்த பின்தான் வீடு பெரிதாகத் தெரிந்தது. இரண்டு அறை வீடு.

பெப்ரவரி 12, வியாழன்

போட்டாயிற்று.

1. கடலோரப் பள்ளிக்கூடம்
2. சினியோரா பக்கத்துப் பள்ளிக்கூடம்
3. ஸ்டேசன் பள்ளிக்கூடம்

இருவருக்கும் சம்மதம்: குறி.

அனுப்பும் பொத்தானை அபி அமத்தினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சினியோராவிடம் சொன்னேன். "கோமே வுவோய்", உன் விருப்பம் என்றார். மத்தியானம் சூப்பில் உப்புக் காணாது என்பதற்குக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

பெப்ரவரி 25, புதன்

சீட்டுக் குலுக்கல் இன்று. பின்னேரம், கடலோரப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம். புள்ளி உள்ள எல்லோரையும் எடுத்தது போக ஒன்பது இடம் மிச்சமாம். மண்டபம் நிறையச் சனம். பெயர் இல்லை, நம்பர்தான். அபிக்கு 23. நத்தார்ப் பண்டிகைக்குத் தொம்போலா என்ற நம்பர் விளையாட்டு ஆடும் பனங்கூடை ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாரோ ஜோக் அடித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

பக்கத்தில் ஒரு தகப்பன். பேக்கரிக்காரர், சட்டைக் கையில் மா. வாய்க்குள் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். என் நம்பரைக் கேட்டார். காட்டினேன். "வரும், வரும், பாருங்கோ" என்று சிசிலியனில் ஏதோ.

அவருடைய நம்பர் ஆறாவதாக வந்தது. கத்திக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்துவிட்டார். பிறகு வெட்கப்பட்டு விலகினார். என் கறுப்பு ஜக்கற்றில் மா. ஒருவர் என்னை அப்படிப் பிடித்து எவ்வளவு காலம்.

ஏழு. எட்டு. ஒன்பது. இருபத்து மூன்று இல்லை.

பிறகு காத்திருப்போர் வரிசைக்கு இழுத்தார்கள். அதில் நான்காவதாக 23. பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கவும் சினியோரா" என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடற்கரை வரை நடந்தேன். அபியின் அப்பாவுக்கு எடுத்தேன், வேலை நேரம், எடுக்கவில்லை. கடலைப் பார்த்த ஒரு வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தேன். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், வாய்விட்டு. நாயோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அபி கேட்டுவிட்டு, "நாலாவதெண்டால் கிட்டத்தானே" என்றாள். பிறகு குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம், நெடுநேரம்.

மார்ச் 3, செவ்வாய்

சினியோரா பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் இடமில்லை என்று செய்தி. ஜெசிந்தா அக்கா சொன்னபடியே. இப்போதைக்கு ஸ்டேசன் பள்ளிக்கூடம். சினியோரா, "நான் சொன்னேன்" என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அபிக்கு என்று ஒரு தோடம்பழப் பை. அதுவே கூடக் குத்தியது.

மார்ச் 11, புதன்

வெயில். கோட் இல்லாமல் வேலைக்கு.

சினியோராவுக்குத் தலை துடைத்துக்கொண்டிருக்கும்போது போன். கடலோரப் பள்ளிக்கூடத்துச் செயலகம். இடம் ஒன்று காலியாகிவிட்டதாம், வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று குடும்பமும் வேறிடம் போய்விட்டார்களாம். இடம் வேணுமா? இப்போதே சொல்ல வேண்டும், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

"சி" என்றேன். யாரையும் கேட்கவில்லை. சினியோரா துவாய்க்குள்ளிருந்து, "கால்சாவா?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். என் கையைப் பிடித்துப் பட்டென்று ஓர் அடி, பிறகு பிடித்தபடியே வைத்திருந்தார்.

அபியைப் பள்ளி வாசலிலேயே கண்டு சொன்னேன். வீதியில் வைத்துக் குதித்தாள், புத்தகப் பையோடு. பிறகு சிநேகிதிகளிடம் ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அபியின் அப்பாவுக்கு எடுத்தேன். இடைவேளை நேரம், எடுத்தார். சொன்னேன்.

"கிடைச்சிட்டுதோ! நல்லது, நல்லது. அபி என்ன சொல்லுறாள்?"

"குதிக்கிறாள்."

"கெட்டிக்காரி." பின்னால் பாத்திரம் விழும் சத்தம், யாரோ ஜேர்மனில் கத்தினார்கள். அவர் போகவில்லை. "வசந்தி, அந்தப் பள்ளிக்கூடம் எத்தினை வருசம்?"

"மூண்டு."

"மூண்டோ."

"ஓம்."