மூளையில் ஒரு மூலை

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே வாய்ந்த மிசுஸு அக்காவுக்கு, தம்பி தெப்பேய் பணிவாக (அதாவது பணிவதுபோல் நடித்து) எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. என் தலைமுடி சட்டைக் காலரைத் தொட்டுவிட்டது! சகாத்தாவிலேயே பேர்போன முடிதிருத்துபவரின் மகனை, முடி வளர்த்த குற்றத்துக்காகப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டார்கள். "ஏன்டா, உங்க வீட்டுல கத்தரிக்கோலா இல்ல?" என்றார் உடற்பயிற்சி வாத்தியார். "கத்தரி இருக்கு சார், கோல்தான் சாஞ்சிருச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்பா படுத்திருப்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, உள்ளே விட்டுவிட்டார்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலக்கை இன்னும் எழவில்லை, பேச்சும் வரவில்லை. நாம் பேசுவது மட்டும் நன்றாகப் புரிகிறது. என் சிலேடைகளுக்கு முன்போலவே முகம் சுளிக்கிறார். ஆக, அந்தப் பகுதிக்குச் சேதமில்லை.

நீ எழுதியிருந்ததைப் படித்தேன். தொலைபேசியில் அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, கடிதத்தையும் தள்ளிவிட்டாராம், கடை வேண்டாமென்று நான் ஹகோதாதே நகருக்குப் போன கோபம் இன்னும் தீரவில்லை, நான் வந்து நின்றால் அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்கிறாய். அக்கா, தம்பியாகிய மேதை சொல்வதைக் கேள்.

மூளை நம் கடை மாதிரி. ஒரு மூலையில் முடிவெட்டு, ஒரு மூலையில் சவரம், ஒரு மூலையில் தலை அலசல். ரத்தக்குழாய் அடைத்ததில் பேச்சு மூலையில் விளக்கு அணைந்துவிட்டது. ஓசையைக் காட்டும் கானா எழுத்துகளைப் படிக்கும் மூலையிலும் அப்படியே. பொருளைக் காட்டும் கான்ஜி எழுத்துகள் இருக்கும் மூலையில் மட்டும் வெளிச்சம் இருக்கிறது. மருத்துவர் என் பெயரைக் கான்ஜியில் எழுதிக் காட்டினார். அப்பா உடனே என்னைக் கைகாட்டினார். உன் பெயர் முழுக்கக் கானா அல்லவா? அதை வெகுநேரம் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கோபமில்லம்மா, அவருக்கு அது இப்ப வெறும் கோடு" என்றார் மருத்துவர். உன் கடிதத்தையும் அவர் தள்ளியது அதனால்தான்.

இப்போது இந்த வீட்டின் தலைமை மொழிபெயர்ப்பாளன் நான். அப்பா இடக்கையால் ஒற்றைக் கான்ஜி எழுதுவார், நான் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவேன். 'நீர்' என்றால் தண்ணீர் வரும். 'குளிர்' என்றால் போர்வை வரும். "அவரு மனசுல நெனைக்கிறது எனக்கே பிடிபடல, உனக்கு எப்படிடா?" என்று அம்மா வியக்கிறாள். ஒரு வாரமாக அவர் எழுதியது 'பெருக்கு' என்பதைத்தான். கணக்கில் பெருக்கத் தெரியாத நான் கடையை மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். பெருக்கி முடித்ததும் அதையே மறுபடி எழுதுவார். நானும் மறுபடி பெருக்குவேன். ஊரில் இப்படி ஒரு மகன் உண்டா?

இங்கே கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை துடைப்பத்தோடு போய் நின்றேன். அப்பா இடக்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். "டேய், என்னதான்டா எழுதியிருக்காரு?" என்று அம்மா தாளை வாங்கிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'பெருக்கு' கான்ஜிக்கும் இன்னொரு கான்ஜிக்கும் வலப்பாதி ஒன்றேதான், உனக்கே தெரியும். எழுதிப் பழகாத இடக்கையில் இடப்பாதி கோணலாகிவிட்டது. அவர் எழுதியது 'பெருக்கு' இல்லை அக்கா, 'வீடு திரும்பு'. எழுதிவிட்டு ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டுவார். கண்ணாடியையும் துடைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அங்கே செருகியிருப்பது உன் புகைப்படம்.

ஒரு வாரமாக அப்பா உன்னைக் கூப்பிட்டதையெல்லாம் நான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். தயவுசெய்து புறப்பட்டு வா.

கான்ஜியில் தோற்ற உன் தம்பி,
தெப்பேய்